மெயில் வந்திருக்கு, ஆனா கண்ணுல படல: நம் இன்பாக்ஸை அடுக்குவது யார்?

"அண்ணாச்சி, நாலு நாளைக்கு முன்னாடியே மெயில் போட்டாச்சே! நீங்க பார்க்கலியா?"

சிவகாசியில் அச்சகம் நடத்துபவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆடிப் பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று தொடங்கி மார்கழி வரை ஆர்டர், டிசைன், ப்ரூஃப், திருத்தம், ஒப்புதல் என்று மெயில் போக்குவரத்து ஓயாது. கடைப் பெயரில் ஓர் எழுத்து மாற வேண்டும், ஃபோன் நம்பரில் ஓர் இலக்கம் மாற வேண்டும் என்று வாடிக்கையாளர் எழுதியிருப்பார். அந்த மெயிலைப் பார்க்காமல் மெஷினை ஓட்டிவிட்டால், அச்சான தாள் அத்தனையும் பழைய பேப்பர் விலைக்குத்தான் போகும்.

இத்தனைக்கும் மெயில் வராமல் இல்லை. வந்திருக்கிறது. ஆனால் 'ப்ரமோஷன்ஸ்' என்ற பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிறது. அல்லது பழைய மெயில் ஒன்றின் அடியில், பதினேழாவது பதிலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இல்லையென்றால் ஸ்பேமில் கிடக்கிறது.

"போன மாசம் வரைக்கும் நேரா முன்னாடிதானே வந்துச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. மாற்றியது மெயில் சேவை நடத்தும் நிறுவனம். அது நம்மிடம் கேட்கவில்லை. பல நேரம், மாற்றிய பிறகு புரியும்படி சொல்வதுமில்லை.

இது வெறும் எரிச்சல் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. அரசு நோட்டீஸும் வரி உத்தரவும் இன்று மெயிலில்தான் வருகின்றன. பார்க்கத் தவறினால் பணம் போகும், சில நேரம் தொழிலே நிற்கும்.

இன்பாக்ஸ் என்றால் என்ன?

பழைய அலுவலகங்களில் மேஜை மேல் ஒரு மரத்தட்டு இருக்கும். வந்த கடிதங்கள் எல்லாம் அதில் விழும். இன்பாக்ஸ் என்ற பெயர் அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான்.

விருதுநகர் பக்கத்துக் கடைகளிலும் கமிஷன் மண்டிகளிலும் இதற்கு ஒரு கம்பி இருந்தது. வந்த தபால், பில், சீட்டு எல்லாவற்றையும் வந்த வரிசையில் குத்தி வைப்பார்கள். புதுசு மேலே, பழசு கீழே. கணக்குப்பிள்ளை லீவு போட்டாலும், முதலாளி வந்து கம்பியைப் புரட்டினால் எல்லாம் கிடைத்துவிடும்.

மின்னஞ்சல் வரலாற்றுக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் ஒரு தொடர்புகூட உண்டு. ராஜபாளையம் அருகே உள்ள முகவூரில் சிறுவயதைக் கழித்தவர் சிவா அய்யாதுரை. ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். 1978-ல், பதினான்கு வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்காக அலுவலகக் கடிதப் போக்குவரத்தை அப்படியே கணினிக்குக் கொண்டுவரும் மென்பொருளை எழுதினார். அதில் இன்பாக்ஸ், அவுட்பாக்ஸ், ஃபோல்டர் எல்லாம் இருந்தன. 1982-ல் அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் பெற்றார்.

'மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் நானே' என்ற அவரது உரிமைகோரலைக் கணினி வரலாற்றாளர்கள் ஏற்பதில்லை. 1971-லேயே ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மெயில் அனுப்பிவிட்டார் என்பதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். யார் கண்டுபிடித்திருந்தாலும், மேஜைத் தட்டில் இருந்த ஒரு விதி கணினிக்கும் வந்து சேர்ந்தது. வந்தது எல்லாம் ஓர் இடத்தில், வந்த வரிசையில். அதைப் பிரித்து எந்த ஃபைலில் வைப்பது என்பது மேஜைக்காரரின் வேலை.

அந்த விதிதான் கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டது.

எப்போது மாறியது?

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் அறிமுகமானது. ஒரு ஜிபி இடம் இலவசம் என்றதும் பலர் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்கள். அதோடு இன்னொரு மாற்றமும் வந்தது. ஒரே விஷயத்தைப் பற்றிய மெயில்கள் தனித்தனியாக இல்லாமல் ஒரே கொத்தாகத் தெரிந்தன. சிலருக்குப் பிடித்தது, சிலருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வேண்டாதவர்கள் அதை அணைத்துக்கொள்ளும் வசதி 2010-ல்தான் வந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

அதே 2010-ல் 'முக்கியமானவை' என்று இயந்திரமே தேர்ந்தெடுத்து மேலே வைக்கும் ப்ரயாரிட்டி இன்பாக்ஸ் வந்தது. 2013 மே மாதம் டேப் முறை வந்தது. பிரைமரி, சோஷியல், ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ், ஃபோரம்ஸ் என்று ஒரு பெட்டி ஐந்து பெட்டிகளானது.

அதே ஆண்டு அக்டோபரில் யாஹூ தன் மெயில் பக்கத்தை மாற்றியமைத்தது. பல மெயில்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்ளும் பழைய வசதி போனதும் ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 2014-ல் கூகுள் 'இன்பாக்ஸ்' என்ற பெயரிலேயே ஒரு புதிய செயலியைக் கொண்டுவந்தது. அதற்குப் பழகி, அதிலேயே வேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டவர்கள் ஏராளம். 2019 ஏப்ரலில் அதை மூடிவிட்டார்கள். பழகியவர் பாடு அவரோடு.

மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு அவுட்லுக்கில் 'ஃபோகஸ்டு', 'அதர்' என்று இரண்டாகப் பிரித்தது. ஆப்பிள் 2024 டிசம்பரில் ஐஃபோன் மெயிலை நான்கு வகையாகப் பிரித்தது.

2025 மார்ச்சில் ஜிமெயில் தேடலிலும் கை வைத்தார்கள். அதுவரை ஒரு பெயரைத் தேடினால் புதிய மெயில் மேலே வரும். இப்போது 'மிகப் பொருத்தமானது' என்று இயந்திரம் கருதுவது மேலே வருகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் ப்ரமோஷன்ஸ் பகுதியிலும் இதே பொருத்த முறை வந்தது. வாங்கிய பொருட்களுக்கு 'பர்ச்சேஸஸ்' என்று தனி இடமும் வந்தது.

ஒவ்வொரு மாற்றமும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். சேர்த்துப் பார்த்தால் தேதி வரிசை போய், இயந்திரத்தின் யூகம் வந்து உட்கார்ந்திருப்பது தெரியும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

நியாயமான காரணமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. குப்பை மெயில் அவ்வளவு வருகிறது. தீபாவளி நெருங்கினால் 'சிவகாசி விலையில் பட்டாசு' என்று போலி இணையதளங்கள் முளைக்கின்றன. பணம் கட்டியவருக்குப் பட்டாசும் வராது, பணமும் திரும்பாது. சைபர் கிரைம் போலீஸார் இதைப் பற்றி எச்சரித்தும் இருக்கிறார்கள். வடிகட்டும் வேலை நடக்காவிட்டால் மெயிலே பயன்படாது.

ஆனால் குப்பையை ஒதுக்குவது வேறு, நல்ல கடிதத்தை வேறு அறைக்கு மாற்றுவது வேறு. இரண்டாவதில் வியாபாரமும் இருக்கிறது. ஜிமெயிலில் ப்ரமோஷன்ஸ், சோஷியல் பகுதிகளில் விளம்பரங்கள், பார்ப்பதற்கு மெயில் மாதிரியே, நம் கடிதங்களோடு வரிசையில் நிற்கின்றன. பெட்டியைப் பிரித்ததில் விளம்பரத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது.

அடுத்தது, இயந்திரம் பிரிக்கும் விதம். அனுப்பியவர் யார், என்ன சொற்கள் இருக்கின்றன, எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் போனது, முன்பு நீங்கள் திறந்து பார்த்தீர்களா என்பதையெல்லாம் வைத்து அது யூகிக்கிறது. யூகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறும் இடம்தான் நம் ஊருக்கு வலிக்கிறது.

சிவகாசிக்கு என்ன தனிச் சிக்கல்?

பட்டாசு விலைப்பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட விலைக்கு 80 சதவீதம் தள்ளுபடி என்று போடுவது இங்கே பரவலான வழக்கம். வெளியூர்க்காரருக்கு அது ஆச்சரியம், நமக்கு அது சாதாரண வியாபாரக் கணக்கு. மெயில் இயந்திரத்துக்கு அது தெரியாது. 'தள்ளுபடி', 'விலை', 'ஆஃபர்' என்ற சொற்கள், ஒரே இணைப்பு, நூறு டீலர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பியது. இதைவிட அச்சு அசலான விளம்பரம் அதன் கண்ணுக்கு வேறு இல்லை. வட மாநில டீலர் காத்திருக்கும் பட்டியல் அவர் ப்ரமோஷன்ஸில் போய் விழும்.

2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்ற உத்தரவு, மின்வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் வாங்குவதையும் விற்பதையும் தடை செய்தது. டீலர் வழி வியாபாரத்தின் முக்கியத்துவம் அதனால் குறையவில்லை. அந்த டீலருக்குப் போகும் கடிதம்தான் இங்கே வழி தவறுகிறது.

இது பருவத் தொழில் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மார்ச் மாதம் ஒரு மெயில் தவறினால் திரும்பப் பேசிக்கொள்ளலாம். தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் தவறினால் அந்த ஆண்டே போச்சு. ஸ்பேமில் விழுந்த மெயிலை ஜிமெயில் 30 நாளில் தானாக அழித்துவிடும். சீசன் முடிந்து, மூச்சு விட்டு, "எங்கே போச்சு அந்த மெயில்?" என்று தேடும்போது அது இருக்காது.

பல அச்சகங்களும் ஆலைகளும் சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகுள் அனுப்புநர் விதிகளை இறுக்கியது. அனுப்புவது உண்மையில் அந்த நிறுவனம்தானா என்று சரிபார்க்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். போன்ற பதிவுகள் டொமைனில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு விதி இன்னும் கடுமை. எப்போதோ ஒரு பையன் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன டொமைனில் இதெல்லாம் இருக்கிறதா என்று எத்தனை முதலாளிகளுக்குத் தெரியும்? இல்லாவிட்டால், நாம் அனுப்பும் உண்மையான கடிதமே அடுத்தவர் ஸ்பேமுக்குப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் விஷயம் கனமாகிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 13-வது பிரிவு, ஒரு மின்னணுக் கடிதம் எப்போது 'பெறப்பட்டது' என்று சொல்கிறது. இரு தரப்புக்கும் இடையே வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், பெறுபவர் இதற்கென்று குறித்துக் கொடுத்த கணினிப் பெட்டிக்குள் அது நுழையும் நேரமே பெற்ற நேரம். திறந்தீர்களா, படித்தீர்களா என்பது கேள்வியே அல்ல. எந்த டேபில் விழுந்தது என்பதும் கேள்வி அல்ல.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-வது பிரிவு நோட்டீஸை எப்படி அனுப்பலாம் என்று பட்டியலிடுகிறது. நேரில் தரலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், பதிவு செய்த மெயில் முகவரிக்கு அனுப்பலாம், போர்ட்டலில் ஏற்றலாம். இவற்றில் ஏதாவது ஒன்று போதும். பதிவை ரத்து செய்யும் நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 7 வேலை நாட்கள்தான். உத்தரவுக்கு மேல்முறையீடு செய்ய 3 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம். அதற்குப் பிறகு மேல்முறையீட்டு அதிகாரி கையிலும் ஒன்றும் இல்லை.

ஆக, ஒரு பக்கம் சட்டம் "பெட்டிக்குள் விழுந்தாச்சு, நீ பெற்றுக்கொண்டாய்" என்கிறது. இன்னொரு பக்கம் மெயில் நிறுவனம் "இது உனக்கு அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை" என்று உள்ளறைக்குத் தள்ளுகிறது. நடுவில் நிற்பவர் சின்ன அச்சக முதலாளி. கடிதத்தை ஒளித்து வைத்தவருக்குப் பொறுப்பு இல்லை, கண்டுபிடிக்காதவருக்கு அபராதம் என்றால் அது என்ன நியாயம்?

போர்ட்டலில் நடந்தது

இது கற்பனைப் பயமல்ல. இதே மாதிரி ஒரு சிக்கல் ஜி.எஸ்.டி. போர்ட்டலிலேயே நடந்தது. 'நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்று ஓர் இடம், 'கூடுதல் நோட்டீஸ்களும் உத்தரவுகளும்' என்று வேறோர் இடம். வணிகர்கள் முதல் இடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்தார்கள். நோட்டீஸ் இரண்டாவது இடத்தில் கிடந்தது. பதில் போகவில்லை என்று வரி உத்தரவு வந்துவிட்டது.

2023-ல் இப்படிப்பட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. வணிகருக்கு உண்மையில் பதில் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று கருதி, உத்தரவுகளை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். பிறகு போர்ட்டலில் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன.

கடிதத்தை எங்கே வைக்கிறோம் என்பது அலங்கார விஷயம் அல்ல என்பதை அந்த வழக்குகள் காட்டின. அரசு போர்ட்டல் என்பதால் நீதிமன்றம் போக முடிந்தது, மாற்றவும் முடிந்தது. இலவச மெயில் சேவை ஒன்று டேபை மாற்றினால், சிவகாசியிலிருந்து யாரிடம் போய் முறையிடுவது?

"அதான் வாட்ஸ்அப் இருக்கே!"

பலரும் சொல்லும் பதில் இது. உண்மையில் பல அலுவலகங்கள் வாட்ஸ்அப்புக்கு மாறியும் விட்டன. வந்ததும் தெரிகிறது, பார்த்ததும் தெரிகிறது.

ஆனால் அச்சு வேலைக்கு அதில் பள்ளங்கள் உண்டு. டிசைனைப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், திரையில் அழகாகத் தெரிவது தாளில் மங்கும். அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆகத்தான் அனுப்ப வேண்டும். ஊழியர் வேலையை விட்டுப் போனால் அவர் ஃபோனோடு பேச்சு முழுக்கப் போய்விடும். நாளைக்கு "நீங்க ஓகே சொன்னீங்க, நான் சொல்லல" என்று தகராறு வந்தால், தேதியோடு நிற்பதற்கு மெயில்தான் வசதி. வங்கியும் வரித்துறையும் மெயிலை விடப்போவதும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

கால் மணி நேர வேலைதான். சீசன் சூடு பிடிக்கும் முன் செய்துவிடுங்கள்.

1. டேப்களை எடுத்துவிடுங்கள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தட்டி, எல்லா செட்டிங்ஸையும் காட்டச் சொல்லுங்கள். 'இன்பாக்ஸ்' பகுதியில் பிரைமரி தவிர மற்றவற்றின் டிக்கை எடுத்து, சேமித்துவிடுங்கள். எல்லாம் பழையபடி ஒரே பெட்டிக்கு வரும்.

2. கொத்தாகத் தெரிவது பிடிக்கவில்லையா? அதே செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதியில் கான்வர்சேஷன் வியூவை அணைத்தால், ஒவ்வொரு மெயிலும் தனியாக வரும். திருத்தம் மேல் திருத்தம் வரும் அச்சகங்களுக்கு இது உதவும்.

3. முக்கியமான முகவரிகளுக்கு ஃபில்டர் போடுங்கள். ஜி.எஸ்.டி., வருமான வரி, வங்கி, பெரிய வாடிக்கையாளர்கள் என்று ஒரு பத்து முகவரி இருக்கும். 'ஒருபோதும் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்பதையும், பிரைமரியில் வை என்பதையும் டிக் செய்யுங்கள்.

4. தேடும்போது மேலே பாருங்கள். 'மோஸ்ட் ரெலவன்ட்' என்று இருந்தால் 'மோஸ்ட் ரீசன்ட்' என்று மாற்றினால் தேதி வரிசை திரும்ப வரும்.

5. அவுட்லுக்கில் ஃபோகஸ்டு இன்பாக்ஸை அணைக்கலாம். ஐஃபோன் மெயிலில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'லிஸ்ட் வியூ' தேர்ந்தெடுக்கலாம்.

6. வாரம் ஒரு முறை ஸ்பேமைப் பாருங்கள். 30 நாள் கணக்கு நினைவிருக்கட்டும். மெயிலை மட்டும் நம்பாமல், ஜி.எஸ்.டி. போர்ட்டலுக்குள்ளும் போய்ப் பாருங்கள். "ஆடிட்டர் பார்த்துக்குவார்" என்று விடாதீர்கள். பதிவில் இருப்பது ஆடிட்டர் மெயிலா, உங்கள் மெயிலா, வேலையை விட்டுப் போன பையனின் மெயிலா என்பதையும் சரிபாருங்கள்.

7. சொந்த டொமைன் இருந்தால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகள் இருக்கின்றனவா என்று அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

நாம் கேட்க வேண்டியது

இத்தனையும் பயனர் தலையில் கட்டப்பட்ட வேலை என்பதையும் மறக்கக் கூடாது. ஏழு படிகள் ஏறித்தான் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால், தவறு ஏறுபவரிடம் இல்லை.

"கேட்டுவிட்டுச் செய்வது நடைமுறைக்கு ஒத்துவராது" என்று நிறுவனங்கள் சொல்ல முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகள், பிரிட்டன், சுவிட்சர்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களில் ஜிமெயிலின் ஸ்மார்ட் அம்சங்கள் தொடக்கத்தில் அணைந்தே இருக்கின்றன. வேண்டுபவர் தானே போட்டுக்கொள்கிறார். டோக்கியோ அச்சகத்துக்குக் கிடைக்கும் மரியாதை சிவகாசி அச்சகத்துக்கு ஏன் கிடைக்கக் கூடாது? அங்கெல்லாம் சட்டமும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் கறாராக இருப்பதால் கிடைத்தது. இங்கேயும் அரசு கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, மெயில் அடுக்கும் முறையை மாற்றும் முன் பயனரின் ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கேள்வியும் தமிழில், நாலு வரியில், புரியும்படி இருக்க வேண்டும். இரண்டாவது, 'தேதி வரிசை, ஒரே பெட்டி' என்ற பழைய முறைக்கு ஒரே தட்டில் திரும்பும் வழி எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாவது அரசுக்கு. காலக்கெடு உள்ள எந்த நோட்டீஸையும் ஒரு மெயிலோடு முடித்துக்கொள்ளக் கூடாது. அதோடு குறுஞ்செய்தியும், பதில் வராவிட்டால் உத்தரவு போடும் முன் ஒரு பதிவுத் தபாலும் கட்டாயமாக்கப்பட வேண்டும். ஒரு பதிவுத் தபாலின் செலவு, ஒரு சிறுதொழில் மூடப்படும் செலவைவிடக் குறைவு.

விருதுநகர் வணிகர்களுக்கும் சிவகாசி அச்சக, பட்டாசு உற்பத்தியாளர்களுக்கும் சங்கங்கள் உண்டு. வரி விகிதத்துக்கும் உரிமத்துக்கும் டெல்லி வரை போய்ப் பேசிய அனுபவம் அவர்களுக்கு இருக்கிறது. அடுத்த முறை மனு எழுதும்போது இந்த மூன்றாவது கோரிக்கையையும் ஒரு பத்தியாகச் சேர்க்கலாம்.

அதுவரைக்கும், இன்று கடையை அடைக்கும் முன் ஸ்பேமையும் ப்ரமோஷன்ஸையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். யாராவது நாலு நாளாக உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம்.